ஐம்பது சொல்லில் ஆசிரியர் குறிப்பு: முழு விவரமா, விருதுப் பட்டியலா, மூன்று வரியா?

என்னுடைய சிறுகதைத் தொகுப்பு அச்சுக்குப் போகிறது. அட்டை, மெய்ப்பு, விலை எல்லாம் முடிந்த பிறகு பதிப்பாளர் கேட்ட கடைசிச் சமாச்சாரம் ஆசிரியர் குறிப்பு. பின்னட்டையில் இடம் கொஞ்சம்தான், ஐம்பது சொல்லுக்குள் அனுப்புங்கள் என்றார். பொதுவாக இதைக் கடைசி நேரத்தில், வேறு ஒருவருடைய குறிப்பைப் பார்த்து, பெயரையும் ஊரையும் மாற்றிப் போட்டு அனுப்பிவிடுவதுதான் வழக்கம். எனக்கு அப்படி அனுப்ப மனசு வரவில்லை. வீட்டு அலமாரியில் இருந்த தமிழ்ப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு பின்னட்டைகளை மட்டும் வாசித்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட எல்லாமே மூன்று வகைக்குள் அடங்கின.

முதல் வகை முழு விவரம். இப்படி இருக்கும்: “1979இல் தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு வட்டம், காரிமங்கலம் ஒன்றியத்தில் பிறந்தவர். முதுகலைத் தமிழும் கல்வியியலும் படித்தவர். தற்போது அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிந்து வருகிறார். மனைவி, இரண்டு மகள்கள். இது இவரது முதல் தொகுப்பு. நாவல் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறார்.” இரண்டாவது, விருதும் நூல் பட்டியலும். மூன்றாவது வெறும் மூன்று வரி: ஆள் யார், எந்தப் பக்கத்துக்காரர், இந்தப் புத்தகத்துக்கும் அவருக்கும் என்ன தொடர்பு, அவ்வளவுதான்.

நான் மூன்றாவதைத்தான் எடுத்தேன். சுருக்கமாக இருந்தால் படிப்பார்கள், நீளமாக இருந்தால் தாண்டிப் போவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது, அதை நான் விளக்க வேண்டியதில்லை. தன்மையில் எழுதுவதா படர்க்கையில் எழுதுவதா என்று சிலர் ரொம்பக் குழம்புகிறார்கள். தமிழில் படர்க்கைதான் பழக்கம், அதுவே இருக்கட்டும்.

முடிவைத் தீர்மானித்தது வேறொரு விஷயம்: எந்தக் குறிப்பு எத்தனை வருஷம் தாங்கும் என்பது. பத்திரிகையில் கதைக்குக் கீழே வரும் குறிப்பென்றால் அடுத்த முறை மாற்றிக்கொள்ளலாம். புத்தகத்தின் பின்னட்டை அப்படியில்லை. மறுபதிப்பு வந்தால்தான் திருத்த முடியும், முதல் தொகுப்புக்கு மறுபதிப்பு வருவது நம் கையில் இல்லை. புத்தகம் கிளை நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் அட்டை கிழிந்து பைண்டிங் போட்டாலும் அங்கேயே இருபது வருஷம் இருக்கும். போதாததற்கு, இணையத்தில் புத்தகம் விற்கிறவர்கள் அதே குறிப்பை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். அது எங்கெங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று தேடிப் பிடித்துத் திருத்துவது நடக்கிற காரியமில்லை.

இந்தக் கண்ணோடு முதல் வகைக் குறிப்பைத் திரும்பப் பாருங்கள். “தற்போது” என்ற சொல் பணிமாறுதல் வந்த அன்றே பொய்யாகிவிடும். “பணிபுரிந்து வருகிறார்” ஓய்வு பெறும்வரை தாங்கும். “முதல் தொகுப்பு” இரண்டாவது வந்ததும் பழசு. “நாவல் எழுதிக்கொண்டிருக்கிறார்” என்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தானது. நாவல் வந்தாலும் அந்த வரி தப்பு, வராமலே போனால் பார்க்கிறபோதெல்லாம் உறுத்தும். பிள்ளைகளைப் பற்றிய வரி அவர்கள் வளர்ந்த பிறகு அவர்களுக்கே பிடிக்குமா என்று இப்போது யாருக்கும் தெரியாது.

ஊர் மாறாது, அதையாவது முழு விலாசமாகப் போடலாமே என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் அதுவும் மாறும். தர்மபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965இல். அதிலிருந்து கிருஷ்ணகிரி 2004இல் தனி மாவட்டமானது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 1878இல் அவர் பிறந்தபோது அது சேலம் மாவட்டம். அப்புறம் தர்மபுரி மாவட்டம், இப்போது கிருஷ்ணகிரி மாவட்டம். மூன்று காலத்தில் அச்சான மூன்று புத்தகங்களில் மூன்று மாவட்டப் பெயர் இருக்கலாம், மூன்றும் அந்தந்தக் காலத்துக்குச் சரி. ஆனால் “ஓசூர் அருகே உள்ள தொரப்பள்ளி” என்று எழுதியிருந்தால் அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. வட்டமும் அப்படித்தான்: காரிமங்கலம் பாலக்கோட்டிலிருந்து பிரிந்து இப்போது தனி வட்டம். அதனால் சொந்த ஊரையும் பக்கத்தில் உள்ள தெரிந்த ஊரையும் சேர்த்து எழுதினால் போதும், வட்டமும் மாவட்டமும் வேண்டாம். புதூர் மாதிரிப் பெயர் ஊருக்கு ஊர் இருக்கிறது, ஆகவே பக்கத்து ஊரை விட்டுவிடாதீர்கள்.

முழு விவர வகையில் நான் விடாமல் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. பிறந்த ஆண்டு. அது ஒருநாளும் பழசாகாது, ஒரே பெயரில் இரண்டு பேர் எழுதினால் பிரித்துக் காட்டவும் உதவும். நூலகப் பட்டியல்களில் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த ஆண்டைச் சேர்ப்பது இதற்காகத்தான். எங்கள் தகடூர் அதியமானைப் பாடிய ஒளவையாரை நினைத்துப் பாருங்கள். புறநானூற்றுப் பாட்டுக்கு அடியில் திணை, துறை போட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியை ஒளவையார் பாடியது என்று இருக்கும். யார், யாரை என்பதை ஒரே வரியில் சொல்லிவிடுகிற அருமையான குறிப்பு, இத்தனை நூற்றாண்டு தாங்கியிருக்கிறது. ஆனால் பிற்காலத்தில் அதே பெயரில் வேறு ஒளவையார்களும் வந்தார்கள், இன்றைக்கும் நெல்லிக்கனி ஒளவையையும் ஆத்திசூடி ஒளவையையும் ஒரே பாட்டியாக நினைத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் மூன்று வரியிலும் ஆண்டுக்கு இடம் கொடுத்தேன்.

விருதுப் பட்டியலைப் பற்றிக் கொஞ்சம். “தோன்றா தோற்றித் துறைபல முடிப்பினும் தான்தற் புகழ்தல் தகுதி அன்றே” என்று நன்னூல் சொல்கிறது. படர்க்கையில் எழுதினாலும் குறிப்பை எழுதியது ஆசிரியரேதான் என்று வாசகருக்குத் தெரியும், “தனித்துவமான கதைசொல்லி” என்று போட்டால் அது தன்னைத் தானே புகழ்வதுதான். ஆனால் அதே நன்னூல் அடுத்த சூத்திரத்தில் விலக்கும் கொடுக்கிறது: தன் ஆற்றலை அறியாதவர் நடுவில் புலவன் தன்னைச் சொல்லிக்கொள்ளலாம். முதல் புத்தகம் போடுகிறவருக்கு எல்லா வாசகரும் அறியாதவர்தான். அதனால் எல்லோருக்கும் தெரிந்த பெரிய விருது ஒன்று இருந்தால் ஆண்டோடு போடுவதில் தப்பில்லை என்று நினைக்கிறேன். ஐந்து, ஆறு என்று அடுக்கினால் ஒன்றும் மனசில் நிற்பதில்லை. அடுத்த விருது வந்தால் பட்டியல் குறையாகவும் ஆகிவிடும்.

நான் இதைச் சொல்வது கதை, கவிதைப் புத்தகங்களை வைத்து. ஆய்வு நூல், மருத்துவம், வேளாண்மை மாதிரி நூல்களில் படிப்பும் பணி அனுபவமும் இல்லாமல் வாசகர் எப்படி நம்புவார்? மாந்தோப்பு பராமரிப்பு பற்றி எழுதுகிறவர் போச்சம்பள்ளிப் பக்கம் தோப்பு வைத்திருக்கிறார் என்பதைக் கட்டாயம் சொல்லத்தான் வேண்டும். அந்த மாதிரி நூல் எதுவும் நான் எழுதியதில்லை, அங்கே முழு விவரமே மேலாக இருக்கலாம்.

கடைசியில் நான் அனுப்பியது இது: “1979இல் பிறந்தவர். சொந்த ஊர் தர்மபுரியை அடுத்த காரிமங்கலம் பக்கம். தமிழாசிரியர். இந்தக் கதைகள் தென்பெண்ணைக்கும் சின்னாற்றுக்கும் நடுவே, ராகிக் களத்திலும் தக்காளி மண்டியிலும் நடப்பவை.” “கற்பிக்கிறார்” என்பதை எடுத்துவிட்டு “தமிழாசிரியர்” என்று போட்டதற்குக் காரணம், ஓய்வு பெற்ற பிறகும் நான் தமிழாசிரியர்தான். கடைசி வரி புத்தகத்தைப் பற்றியது, புத்தகம் மாறப்போவதில்லை, அதனால் அதுவும் மாறாது.

பதிப்பாளர் படித்துவிட்டு, கைப்பேசி எண் வேண்டாமா என்று கேட்டார். வாசகர் கூப்பிட்டுப் பேசுவது எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் எண்ணை மாற்றினால் அது வேறு யாருக்கோ போய்விடும், பாவம் அவர் என் கதைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். மின்னஞ்சலை மட்டும் கொடுத்தேன், அதையும் பின்னட்டையில் போடாமல், பதிப்பு விவரம் இருக்கும் உள்பக்கத்தில் போடச் சொல்லிவிட்டேன்.