க்ருஷியல் 8 ஜிபி லேப்டாப் ராம்: நெட் வேகமாகுமா?

திண்டுக்கல்லில் சில கடைகளுக்கு வீட்டிலிருந்தபடியே ஜிஎஸ்டி கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். என்னுடையது ஏழாம் தலைமுறை ஐ3 லேப்டாப், 4 ஜிபி ராம் (திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி), சாதா ஹார்ட் டிஸ்க். ஜிஎஸ்டி ரிட்டர்ன் கெடுவான மாதம் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் நெருங்கினால் ஜிஎஸ்டி தளம், பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிமெயில், வாட்ஸ்அப் வெப், பிடிஎஃப் பில்கள் எல்லாம் க்ரோமில் திறந்தே கிடக்கும். கூடவே கணக்கு மென்பொருளான டேலி வேறு ஓடும்.

நெட் இழுக்கிறது, பெரிய பிளானுக்கு மாறு என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். நான் முதலில், மெஷினில் எது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். மெமரி 93 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம். நெட்வொர்க் கோடு மட்டும் அசையாமல் கிடந்தது. அதே வைஃபையில் என் போனில் அதே பக்கம் சட்டென்று திறந்தது. லைனில் குறை இல்லை, மெஷினில்தான் இடமில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

க்ருஷியல் டிடிஆர்4 3200, 8 ஜிபி வாங்கி, காலியாக இருந்த இரண்டாவது ஸ்லாட்டில் போட்டேன். மொத்தம் 12 ஜிபி. சாய்வாகச் செருகிக் கீழே அழுத்தினால் இரண்டு பக்கக் கிளிப்பும் டிக்கென்று பிடித்துக்கொள்கின்றன. 3200 என்பது ராமின் வேகம். என் ப்ராசஸரின் எல்லை 2133, ஆகவே 3200 ராமும் 2133இல்தான் ஓடுகிறது. அது பழுது இல்லை.

ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பார்த்தேன். ராம் போடுவதற்கு முன்பு வந்த அதே எண்தான். ஒரு தளத்தை முதல் தடவை திறக்க ஆகும் நேரத்திலும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அந்த வேலை ரூட்டரையும், லைனையும், அந்தத் தளத்தின் சர்வரையும் பொறுத்தது.

மாறியது வேறு இடத்தில். முன்பு டேலியில் ஒரு தொகையைப் பார்த்துவிட்டு க்ரோமுக்குத் திரும்பினால் திரை வெள்ளையாக நிற்கும், ஹார்ட் டிஸ்க் கரகரவென்று ஓடும். க்ரோம் ஒவ்வொரு தளத்தையும் தனி ப்ராசஸாக நடத்துகிறது. ராம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்குக்குத் தள்ளுகிறது. ராமோடு பார்த்தால் ஹார்ட் டிஸ்க் நத்தை. போதாக்குறைக்கு, மெமரி நெருக்கடி வந்தால் க்ரோம் பயன்படுத்தாத டேபைக் கைவிட்டுவிடும். திரும்பிப் போகும்போது பக்கம் முழுவதும் நெட்டிலிருந்து மறுபடி இறங்கும். அரைகுறையாக டைப் செய்த பில் நம்பர்கள் சில சமயம் காணாமலும் போகும். நெட் ஸ்லோ என்று நாம் திட்டுவது பல சமயம் இந்த மறு இறக்கத்தைத்தான். இப்போது அது இல்லை. எல்லாம் திறந்திருந்தும் மெமரி 60 சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம், டேப் மாற்றினால் விட்ட இடம் அப்படியே இருக்கிறது. மாதாமாதம் வரும் ஜிஎஸ்டி வேலையில் என் எரிச்சல் பெருமளவு குறைந்தது இந்த ஒரு பொருளால்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

லேப்டாப் ஆன் ஆவதற்கு மட்டும் இன்னமும் வெகுநேரம் பிடிக்கிறது. அதற்கு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டிதான் வேண்டும். ஆனாலும் 4 ஜிபியில் நிறைய டேப் திறந்து வேலை செய்பவர்களுக்கு முதலில் ராம் என்பதே என் கருத்து. ஏற்கெனவே 8 ஜிபி இருந்து, வேலை மும்முரத்திலும் மெமரி பாதி காலியாக இருப்பவர்கள் வாங்கவே வேண்டாம்.

2025 கடைசியில் ராம் விலை கடுமையாக ஏறிவிட்டது. க்ருஷியல் பெயரில் நடக்கும் சில்லறை வியாபாரத்தை விட்டு விலகுவதாக, அதைத் தயாரிக்கும் மைக்ரான் நிறுவனமும் அந்த டிசம்பரில் அறிவித்தது. கடையில் பழைய சரக்கு கிடைத்தால் பில்லும் வாரண்டியும் கேட்டு வாங்குங்கள். பழைய வகையான டிடிஆர்3 ராம் உள்ள லேப்டாப்பில் இது பொருந்தாது, சில மெலிந்த மாடல்களில் ராமை போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். பின் மூடியைக் கழற்றி ஸ்லாட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.