எக்ஸ்சி60-ல் கண்ணில் படாத டேஷ்கேம்: நீண்ட நாள் அனுபவம்

வால்வோ எக்ஸ்சி60 மாதிரி ஒரு காருக்கு டேஷ்கேம் (முன் கண்ணாடியில் ஒட்டி, சாலையில் நடப்பதைப் பதிவு செய்யும் கேமரா) வாங்கப் போகிறேன் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த கேமரா?" என்றுதான். என்னைப் பொறுத்தவரை அது இரண்டாவது கேள்வி. கரண்ட் எங்கிருந்து எடுப்பது, ஒயர் எந்த வழியாகப் போவது என்ற இரண்டுக்கும் விடை கிடைத்துவிட்டால், கேமராவைத் தேர்ந்தெடுப்பது ஒரு சாயங்கால வேலை.

என்னுடையது பி5 பெட்ரோல், 48 வோல்ட் மைல்டு ஹைப்ரிட், அதாவது இன்ஜினுக்கு ஒரு சின்ன மின் மோட்டார் துணை நிற்கும் வகை. பெரும்பாலும் சென்னைக்குள் ஓடும், அடிக்கடி ஜிஎஸ்டி ரோட்டில் திருச்சி வரை போகும். நான் வைத்த நிபந்தனைகள் மூன்று. காரின் ஒரு ஒயரைக்கூட வெட்டக் கூடாது. வெளியே நின்று பார்ப்பவருக்கு கேமரா இருப்பதே தெரியக் கூடாது. நாளைக்கே கழற்றினால் மாட்டிய தடயம் இருக்கக் கூடாது. கல்யாண மண்டபம், ஓட்டல் என்று யார் யாரிடமோ சாவியைக் கொடுக்கிறோம். கண்ணாடியில் தொங்கும் கேமராவும் ஊசலாடும் ஒயரும் தேவையில்லாத கவனத்தை இழுக்கும். அதோடு, இவ்வளவு சுத்தமாக வடிவமைத்த கேபினில் கறுப்பு ஒயர் ஒன்று தொங்கினால் தினமும் கண்ணை உறுத்தும்.

கேமரா விஷயத்தில் சென்னைக்காரர்கள் பார்க்க வேண்டிய முதல் வரி ரெசல்யூஷன் இல்லை. உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரியா, சூப்பர் கெப்பாசிட்டரா (மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் தேக்கி வைக்கும் பாகம்) என்பதுதான். கத்திரி வெயிலில் நிழலில்லாமல் நிறுத்திய காரின் கண்ணாடி ஓரத்தில் ஏறும் சூட்டை லித்தியம் பேட்டரி நெடுநாள் தாங்காது. வீங்கும், கொள்ளளவு குறையும். கெப்பாசிட்டர் அந்தச் சூட்டை நன்றாகவே தாங்கும். கரண்ட் நின்றதும் கடைசி ஃபைலை மூடிச் சேமிக்கத் தேவையான சில விநாடி மின்சாரம் அதில் இருக்கும், அது போதும்.

இரண்டு வகைகளை யோசித்தேன். ஒன்று, மிரருக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் உறைக்குப் பதிலாக மாட்டும் வகை. ஒவ்வொரு காருக்கும் அச்சு எடுத்தது போலச் செய்து விற்கிறார்கள். கம்பெனியிலிருந்தே வந்தது போல இருக்கும், மறைவு என்று பார்த்தால் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் கார் மாறினால் கேமராவும் வீண். பழுதானால் அந்த வடிவத்திலேயே வேறொன்று தேட வேண்டும். இரண்டாவது வகை, சிறிய தனி கேமராவை மிரருக்குப் பின்னால் ஒளிப்பது. நான் எடுத்தது வையோஃபோ ஏ229 ப்ரோ. முன்னால் சோனி ஸ்டார்விஸ் 2 வரிசையின் ஐஎம்எக்ஸ்678 சென்சார், 4கே. பின்னால் ஐஎம்எக்ஸ்675, 2கே. உள்ளே சூப்பர் கெப்பாசிட்டர். ஆப்பு வடிவத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்வதால் கீழே அதிகம் தொங்காது.

இடம் பார்ப்பதில் பொறுமை வேண்டும். எக்ஸ்சி60-ல் மிரருக்குப் பின்னால் தானாக பிரேக் போடும் சிட்டி சேஃப்டி, ஸ்டியரிங்குக்கும் வேகத்துக்கும் உதவும் பைலட் அசிஸ்ட் எல்லாவற்றுக்கும் கண்ணாக இருக்கும் கேமரா உட்கார்ந்திருக்கிறது. அதன் பார்வைக் கோணத்துக்குள் எதுவும் வரக் கூடாது. மழை சென்சாரையும் மறைக்கக் கூடாது, ஃபாஸ்டேக்கின் மேலும் ஏறக் கூடாது. அதே சமயம் வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஐப்பசி மழையில் பதிவாவது வெறும் கலங்கல்தான். இதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது காரின் அந்தக் கேமரா உறைக்கு இடது பக்கம் ஒரு சின்ன இடம். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் மிரர் அதை முழுசாக மறைத்துவிடுகிறது. ஒட்டும்போது கண்ணாடியின் மேல் விளிம்பில் உள்ள கறுப்புப் புள்ளிகளின் மேல் ஒட்டாதீர்கள். டேப் அங்கே சரியாகப் பிடிக்காது. தெளிவான கண்ணாடியை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, முதலில் ஸ்டேடிக் ஸ்டிக்கர் (பசையில்லாமல் கண்ணாடியில் ஒட்டும் மெல்லிய படலம்), அதற்கு மேல் டேப். பிறகு கழற்றும்போது கண்ணாடியில் பசை ஒட்டிக் கிடக்காது.

ஒயர் கண்ணாடியின் மேல் விளிம்பில் கூரைத் துணிக்குள் நுழைந்து இடது பக்கம் ஏ-பில்லர் (முன் கண்ணாடியின் ஓரத்தில் நிற்கும் தூண்) வரை போகிறது. இந்த இடத்தில்தான் நான் மிகக் கறாராக இருந்தேன். கூரை ஓரத்திலும் பில்லருக்குள்ளும் பக்கவாட்டு ஜன்னலை மறைத்துத் திரை போல விரியும் கர்ட்டன் ஏர்பேக்கை மடித்து வைத்திருக்கிறார்கள். அதன் உறையில் ஏர்பேக் என்று பொறித்திருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். ஒயர் அந்த ஏர்பேக்குக்குப் பின்னால்தான் போக வேண்டும். முன்னால் போனால், அது விரியும் நொடியில் ஒயர் குறுக்கே நிற்கும், அல்லது சாட்டை மாதிரி ஆள் மேல் பாயும். ஒரு ஆக்சஸரி கடையில் பில்லர் உறையைக் கழற்றாமலே ஒயரை விரலால் இடுக்கில் தள்ளிவிட்டு, கரண்டுக்குக் கூரை விளக்கின் ஒயரைச் சுரண்டிச் சுற்றிவிடுகிறேன் என்றார்கள். நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அப்புறம் ஏர்பேக் வேலை தெரிந்த ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனைப் பிடித்தேன். பேட்டரியைத் துண்டித்துவிட்டுச் சற்று நேரம் காத்திருந்துதான் அவர் உறையில் கை வைத்தார். டேஷ்கேம் ஒயரை ஏற்கெனவே அங்கே ஓடும் ஒயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டினார். ஒயர் முழுக்க டெசா துணி டேப் சுற்றச் சொன்னேன். இவ்வளவு அமைதியான கேபினில் பிளாஸ்டிக்கில் ஒயர் தட்டும் சின்ன டிக் டிக் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கும். இன்றுவரை ஒரு சத்தமும் இல்லை.

ஃபியூஸ் பாக்ஸ் ஒன்று க்ளவ் பாக்ஸுக்கு அடியில் இருப்பது நமக்கு வசதி, ஒயர் அதே பக்கம் இறங்கிவிடுகிறது. கேமராவைக் காரின் ஃபியூஸ் பாக்ஸோடு இணைக்கும் ஹார்ட்வயர் கிட்டில் மூன்று ஒயர்: எப்போதும் கரண்ட் உள்ளது, கார் ஓடும்போது மட்டும் கரண்ட் வருவது, எர்த். முதல் இரண்டுக்கும் ஃபியூஸ் டேப் (fuse tap: ஃபியூஸ் இடத்தில் செருகி, அங்கிருந்து கூடுதல் இணைப்பு எடுக்கும் பின்) போட்டால் வெட்டும் வேலையே இல்லை. எந்த ஃபியூஸ் எப்போது உயிரோடு இருக்கிறது என்று மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும், அதுவும் காரைப் பூட்டி நன்றாக நேரம் விட்டு. இந்தக் கார்கள் பூட்டிய உடனே தூங்குவதில்லை. ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் ஃபியூஸ்கள் பக்கமே போக வேண்டாம்; 12 வோல்ட் சாக்கெட் மாதிரி முக்கியமில்லாதவற்றின் ஃபியூஸ்கள் போதும். எர்த்தைக் காரின் உடம்பில் உள்ள போல்டில் கொடுங்கள், பேட்டரியின் நெகட்டிவ் முனையில் வேண்டாம். சிக்னலில் இன்ஜின் தானே அணைந்து மறுபடி எழும் ஸ்டார்ட்-ஸ்டாப் உள்ள கார்களில் அந்த முனையில் கரண்ட்டை அளக்கும் சென்சார் இருக்கும். அதைத் தாண்டி நேரடியாக முனையில் கொடுத்தால் நம் கேமரா குடிக்கும் கரண்ட் காரின் கணக்கில் வராது.

வேலை முடிந்ததும் எஃப்எம் ரேடியோ போட்டுப் பார்ப்பது நல்லது. சிக்னல் மெலிதாக வரும் இடத்தில் கேமராவை அணைத்துப் போட்டுப் பாருங்கள். இரைச்சல் கூடினால் ஒயரை இடம் மாற்றுங்கள், அல்லது இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையத்தை ஒயரில் போடுங்கள்.

பின் கேமராவின் ஒயர் கூரை வழியாகவே டிக்கிக் கதவுக்குப் போகிறது. கூரைக்கும் கதவுக்கும் நடுவே காரின் சொந்த ஒயர்கள் போகும் ரப்பர் குழாய்க்குள்ளேயே அனுப்பினோம். அதற்கு நேரம் பிடித்தது. குழாய்க்கு வெளியே விட்டால் கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ஒயர் மடங்கி, ஒரு நாள் உள்ளுக்குள் அறுந்துபோகும்.

இனி படம். பகலில் குறையே இல்லை, பக்கத்து லேனில் போகும் வண்டியின் எண் தெளிவாகப் படிக்க முடிகிறது. இரவில் எதிர்பார்ப்பைச் சற்று அடக்கிக்கொள்ளுங்கள். வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்கும், அப்போது வேகமாக எதிரே வரும் வண்டியின் எண் கலைந்துவிடும். எந்த விலை கேமராவுக்கும் இது பொருந்தும். வெளிச்சமும் இருட்டும் கலந்த காட்சியைச் சமப்படுத்தும் எச்டிஆர் வசதியைப் போட்டால், ஹெட்லைட் பட்டு வெள்ளையாகப் பொரிந்துபோகும் நம்பர் பிளேட் ஓரளவு மீள்கிறது. டேஷ்போர்டின் பிரதிபலிப்பைக் குறைக்கும் சிபிஎல் ஃபில்டரையும் வாங்கினேன். பகலில் நன்றாக வேலை செய்கிறது, ஆனால் வெளிச்சத்தைத் தின்கிறது. என் பயணங்களில் இரவு அதிகம் என்பதால் கழற்றி வைத்துவிட்டேன். ஒலிப்பதிவையும் அணைத்துவிட்டேன். காருக்குள் குடும்பம் பேசுவது மெமரி கார்டில் கிடக்க வேண்டியதில்லை.

கார் நிற்கும்போதும் கேமரா விழித்திருக்கும் பார்க்கிங் மோடு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இரண்டு கேமராவும் சேர்ந்து அரை ஆம்பியர் எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், 10 மணி நேர இரவுக்கு 5 ஆம்பியர்-அவர் போகும். தினமும் நெடுந்தூரம் ஓடும் காருக்கு இது பொருட்டே இல்லை. வாரத்தில் பாதி நாள் நிற்கும் காருக்கு நல்லதில்லை. பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் கேமராவுக்குக் கரண்ட்டை நிறுத்தும் கிட்டின் கட்-ஆஃபை நான் 12.4 வோல்ட்டில் வைத்திருக்கிறேன். வெளியூரில் ராத்தங்கும்போது மட்டும் பார்க்கிங் மோடைப் போடுவேன். மே மாத மதியத்தில் போடவே மாட்டேன்.

பலன் கிடைத்ததா என்றால், கிடைத்தது. டோல் வரிசையில் நின்றிருந்தபோது பின்னாலிருந்து ஒரு வேன் மெதுவாக வந்து பம்பரில் இடித்தது. நான் ரிவர்ஸில் வந்ததாக அதன் ஓட்டுநர் சத்தம் போட்டார். போனில் வைஃபை வழியாகப் பின் கேமராவின் படத்தைக் காட்டியதும் பேச்சு அடங்கி, இன்சூரன்ஸ் விவரத்தைக் கொடுத்தார். அன்று அந்தக் கிளிப்பின் மேல் வேறு எதுவும் எழுதாதபடி அங்கேயே லாக் செய்தேன், வீட்டுக்கு வந்ததும் கார்டைக் கழற்றி முழு ஃபைலாக நகலெடுத்தேன். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கி, எண்ணெல்லாம் மங்கிவிடும். விஷயம் கோர்ட் வரை போகக்கூடியது என்றால் இன்னும் கவனம் தேவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலோடு அதன் ஹாஷ் மதிப்பை (ஃபைல் மாறினால் தானும் மாறும் ஒரு அடையாளக் குறியீடு) குறிப்பிடும் சான்றிதழ் தர வேண்டும். அதனால் மூலக் கார்டை அப்படியே எடுத்து வைத்துவிட்டு வேறு கார்டு போட்டுக்கொள்வதுதான் பாதுகாப்பு.

கார்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். இரண்டு கேமராவும் சேர்ந்து விநாடிக்கு 60 மெகாபிட் எழுதினால் மணிக்கு 27 ஜிபி. 256 ஜிபி கார்டு சுமார் 9 மணி நேரத்தில் நிறைந்து, பழையதன் மேலேயே எழுதத் தொடங்கும். போனுக்கான சாதா கார்டு இந்த உழைப்புக்குச் செய்யப்பட்டதில்லை. என்டியூரன்ஸ் என்று போட்டிருப்பதை வாங்குங்கள். நான் மாதம் ஒரு முறை கேமராவிலேயே ஃபார்மேட் செய்துவிட்டு, கொஞ்சம் ஓட்டி, முன்னும் பின்னும் நிஜமாகவே பதிவாகிறதா என்று போட்டுப் பார்க்கிறேன். இவ்வளவு நன்றாக ஒளித்து வைத்த கேமரா நின்றுபோனால் நம் கண்ணுக்கும் தெரியாது.