பென் டிரைவைக் கழற்றும் விஷயத்தில் எந்த ஓஎஸ் தேவலை?

எங்கள் ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைனுக்கு விண்டோஸ் 11, வீடியோ எடிட்டிங்குக்கு மேக், கல்யாண வீடியோவை வாடிக்கையாளருக்குக் காப்பி போட்டுக் கொடுக்க லினக்ஸ் மின்ட் என்று மூன்றும் ஓடுகின்றன. முகூர்த்த மாதங்களில் கார்டும் பென் டிரைவும் மாறி மாறி ஏறி இறங்கியபடியே இருக்கும். அதனால் வேகம், அழகு எல்லாம் இருக்கட்டும். டிஸ்க்கைக் கழற்றும்போது எது டேட்டாவைக் காப்பாற்றுகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

விண்டோஸ் இதில் நல்ல முடிவு எடுத்திருக்கிறது. 2018 அக்டோபரில் வந்த 1809 பதிப்பிலிருந்து, வெளியிலிருந்து செருகும் டிரைவ்களுக்கு ‘குவிக் ரிமூவல்’தான் இயல்பான அமைப்பு. எழுத வேண்டியதை ராமில் (கணினியின் தற்காலிக நினைவகத்தில்) தேக்கி வைக்காமல் உடனுக்குடன் டிரைவுக்கு அனுப்பிவிடும். வேகம் கொஞ்சம் குறையும். கவுன்டரில் அது பரவாயில்லை. ‘டிவைஸ் பயன்பாட்டில் இருக்கிறது’ என்று மறுக்கும்போது எந்த புரோகிராம் என்று சொல்லாததுதான் எரிச்சல். விண்டோஸ் குறித்து வைக்கும் நிகழ்வுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 225 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடினால் அதன் பெயர் இருக்கும். அதை அந்தப் பெட்டியிலேயே காட்டினால் என்ன?

லினக்ஸ் மின்ட்டில்தான் கவனம் தேவை. பெரிய வீடியோ ஃபைல் விறுவிறுவென்று ஏறி, காப்பி முடிந்ததாகப் பட்டை நிரம்பிவிடும். “ஏறிடுச்சாண்ணே?” என்று கை நீளும். டிரைவின் விளக்கோ இன்னும் சிமிட்டிக்கொண்டிருக்கும். ஓஎஸ்ஸின் மையப் பகுதியான கெர்னல் முதலில் ராமில் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு மெதுவாக எழுதுவதுதான் காரணம். காலியாகக் கிடைக்கும் ராமில் 20 சதவீதம் வரை இப்படித் தேங்க இயல்பாகவே இடம் உண்டு. டெர்மினலில் ராமின் நிலவரம் காட்டும் மெம்இன்ஃபோவைத் திறந்து ‘டர்ட்டி’ (இன்னும் டிரைவில் எழுதாதது) என்ற வரியைப் பார்த்தால், லட்சக்கணக்கான கேபி மெல்லக் கரைந்து இறங்குவது தெரியும். ‘இஜெக்ட்’ கொடுத்தால் முழுதும் எழுதி முடிக்கும்வரை நிறுத்தி வைக்கிறது. அந்த விதத்தில் நம்பகமானதுதான். ஆனால் எழுதி முடிக்காததை முடிந்ததாகக் காட்டும் பட்டையை என்னால் ஏற்க முடியவில்லை.

அவசரப்பட்டுப் பிடுங்கினால் அந்த ஒரு ஃபைலோடு போகாது. 64 ஜிபி கார்டுகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் அமைப்பில் வருகின்றன. எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை அதில் வழக்கமாக ஒரே ஒரு பிரதிதான். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபைல் அமைப்பில் இருப்பது போன்ற ஜர்னலும் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவு) கிடையாது. அட்டவணை பாதியில் நின்றால் பழைய படங்களும் சேர்ந்து சிக்கலாம். அப்புறம் ஸ்கேன் செய்தால், மீட்ட துண்டுகள் சிஎச்கே என்று முடியும் எண் பெயர்களில் வரும். எது தாலி கட்டியது, எது ரிசப்ஷன் என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

மேக்கைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ‘டிஸ்க் முறையாக வெளியேற்றப்படவில்லை’ என்ற எச்சரிக்கை, பிடுங்கிய பிறகு வந்து என்ன பயன்? 1984இல் வந்த முதல் மேக்கின்டாஷில் ஃபிளாப்பியை வெளியே தள்ள பொத்தானே வைக்கவில்லை. ஓஎஸ் எழுதி முடித்துத் தானே வெளியே தள்ளும். யுஎஸ்பி துளையில் அந்தக் காவல் இல்லை.

என் ஓட்டு கவுன்டரைப் பொறுத்தவரை விண்டோஸுக்கு. மின்ட்டே போதும் என்பவர்கள், எழுதாமல் ராமில் தேங்க விடும் ‘டர்ட்டி பைட்ஸ்’ அளவைச் சில பத்து எம்பிக்குக் குறைத்து வையுங்கள். பட்டை மெதுவாக நகரும், ஆனால் ஏறக்குறைய உண்மையைக் காட்டும்.