ஓய்வுக்கு ஊரில வில்லா என்று யாராவது கேட்டால், காசு கொடுக்க முதல் இதைப் படியுங்கோ

எங்களுக்கு வில்லா விற்ற ஆளின் பெயர் போடவில்லை. வழக்கு நடக்கிறது, போடாதேங்கோ என்று லோயர் சொல்லிவிட்டார். ஆனால் நடந்ததைச் சொல்லத் தடையில்லை. எங்கள் 38,000 டொலர் போய்விட்டது. எங்களை நம்பி வந்த மச்சாளின் சீட்டுக் காசு 5,000மும் போய்விட்டது. இரண்டாவதுதான் எனக்கு நித்திரையில்லாமல் பண்ணுகிறது.

2023 பெப்ரவரியில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் சறுக்கி விழுந்தேன். கண்ணுக்குத் தெரியாத கண்ணாடி ஐஸ். இடது மணிக்கட்டு முறிந்தது. 1989இல் கனடாவுக்கு வந்த நாளிலிருந்து முப்பத்துநாலு வின்ரர் பார்த்தாயிற்று. அதில் பாதி, விடியப்புறம் நாலரைக்குத் தொழிற்சாலை வானுக்கு நின்ற வின்ரர். கையில் மாக்கட்டுடன் நான் இருக்க, இவர் ஜன்னலால் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இஞ்சேரும், இன்னொரு வின்ரரை நாங்கள் தாங்க மாட்டம்." அந்த வருசம்தான் எனக்கு 65. இவருக்கு 68.

இப்படி மனம் இளகி இருக்கிற நேரம் பார்த்துத்தான் வில்லா விற்கிறவங்கள் வருவாங்கள். மே மாதம் பக்கத்து மார்க்கம் நகரத்தில் ஒரு மண்டபத்தில் கூட்டம். மட்டன் ரோல்ஸ், பால்தேத்தண்ணி, திரையில் படம். யாழ்ப்பாணத்தில் நீர்வேலிப் பக்கம் செம்மண், வாழைத்தோட்டம், நடுவில் வெள்ளை அடித்த சின்னச் சின்ன வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு படலை. இருபத்துநாலு மணித்தியாலமும் நேர்ஸ், யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு வாகனம், பின்னேரத்தில் பஜனை. வீடு 1,15,000 டொலர், மாதச் செலவு சாப்பாட்டோடு 1,200. நடத்தின தம்பிக்கு நாற்பது வயதிருக்கும். எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்பார். சொன்னால் அங்கே படிப்பித்த வாத்தியாரின் பட்டப்பெயர் வரை சொல்வார். எனக்கு அப்பவே நம்பிக்கை வந்துவிட்டது. இப்போது யோசித்தால், அது ஒன்றையும் நிரூபிக்கிற விசயமில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பட்டப்பெயர் தெரியும்.

பிறகு ஒரு நாள் வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் இருந்து ஒரு தாளில் கணக்குப் போட்டுத் தந்தார். எங்கள் இரண்டு பேரின் ஓ.ஏ.எஸ் என்கிற முதியோர் பென்சன், சி.பி.பி என்கிற வேலை செய்தபோது கட்டின பென்சன், ஜி.ஐ.எஸ் எல்லாம் கூட்டி மாதம் 2,900 டொலர். 1,200 போக மிச்சம் 1,700. "அக்கா, ராணி மாதிரி இருக்கலாம். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ." அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் எழுத்துப் பிழைகூட இல்லை, ஆனால் கணக்கு முழுக்கப் பிழை. இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். வில்லாக்காரன் இல்லாவிட்டாலும் இந்த இடத்தில் கனபேர் விழப் போகினம்.

ஜி.ஐ.எஸ் என்பது வருமானம் குறைந்த முதியவருக்குக் கனடா கூட்டித் தருகிற காசு. அது கனடாவுக்குள் இருக்கிறவருக்குத்தான். நாட்டை விட்டு வெளிக்கிட்டு ஆறு மாதம் தாண்டினால் நின்றுவிடும். எங்கள் 2,900இல் ஐந்நூற்றுச் சொச்சம் அந்தக் காசு. ஓ.ஏ.எஸ் அப்படியில்லை, வெளிநாட்டுக்கும் வரும். ஆனால் பதினெட்டு வயதுக்குப் பிறகு கனடாவில் குறைந்தது 20 வருசம் இருந்திருக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் அது இருக்கிறது. மச்சாளுக்கு இல்லை. அவா 2008இல் மகன் ஸ்பொன்சர் பண்ணி வந்தவா. பதினைந்து வருசம்தான். அவாவுக்கு இங்கே ஓ.ஏ.எஸ்ஸும் ஜி.ஐ.எஸ்ஸும் தவிர வேறு ஒரு சதம் வருமானமில்லை. ஊருக்குப் போய் ஆறு மாதம் கழிய இரண்டும் நின்றிருக்கும். அவாவுக்கும் அதே தம்பி அதே மேசையில் அதே மாதிரித் தாள் எழுதிக் கொடுத்தவர். எழுபத்துமூன்று வயதுக் கிழவியை நடுத்தெருவில் விட்டிருப்பார்.

தாளில் வரி என்று ஒரு வரி இல்லை. கனடாவில் வதிவிடம் முடிந்தவரின் பென்சனில் 25 வீதம் பிடிப்பார்கள், நாடுகளுக்கு இடையில் ஒப்பந்தம் இருந்தால் குறையும். மருந்துச் செலவு இல்லை. எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அட்டை உயிரோடு இருக்க வேண்டும் என்றால் எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாள் மாகாணத்துக்குள் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நான் கேட்டேன். "அதெல்லாம் ஆர் அக்கா எண்ணுறது?" என்றார். எண்ணுகிற ஆட்கள் இருக்கினம்.

இதையெல்லாம் அப்போதே ஏன் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். மகளும் அதைத்தான் கேட்டாள். பென்சன் அலுவல் பார்க்கிற அரசின் சேர்விஸ் கனடாவுக்குப் போன் எடுத்து ஒரு மணித்தியாலம் பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருந்தால் யாராவது இலவசமாகச் சொல்லியிருப்பார்கள். நாங்கள் எடுக்கவில்லை. எங்கள் பாஷையில், எங்கள் மேசையில், எங்கள் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு ஒருவர் கணக்குப் போட்டுத் தந்ததே பெரிய உதவி என்று நினைத்தோம். நாங்கள் ஓம் என்றால் கொமிஷன் கிடைக்கிற ஆளிடமே, போகலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறோம்.

ஜூனில் 15,000 கொடுத்தோம். வேலை செய்த காலத்தில் வீட்டின் மேல் எடுத்து வைத்திருந்த கடன் வசதியிலிருந்துதான். 2024 தையில் போய்ப் பார்த்தோம். யாழ்ப்பாணம் மிக வடிவாக இருக்கிற மாதம் அது. மழை விட்டு, பச்சை மாறாமல், காலையில் மெல்லிய பனிக் குளிர். மாதிரி வீடு ஒன்று கட்டி, கதிரை மேசை போட்டு, வாசலில் கோலமும் போட்டிருந்தார்கள். இவர் கிணற்றுக் கட்டில் இருந்து எழும்பவே இல்லை. திரும்பி வந்து 23,000 கொடுத்தோம்.

இடையில் தம்பி எங்களிடம் இரண்டு கையெழுத்து வாங்கினார். முதலாவது, இரட்டைக் குடியுரிமைக்கு. நாங்கள் 1994இல் கனடாக் குடியுரிமை எடுத்தபோதே இலங்கைக் குடியுரிமை தானாகப் போய்விட்டது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்கு இலங்கையில் காணி எழுத முடியாது. முதுசமாக வருவதற்கும், இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கும் விலக்கு உண்டு. இதைத் தம்பி எங்களுக்குச் சொன்ன விதம்: "அக்கா, நீங்கள் ஊர்ப் பிள்ளையள். உங்களை ஆர் கேக்கிறது? குடியுரிமை வரும்வரைக்கும் ஒரு சொந்தக்காரப் பெடியன்ரை பேரில எழுதி வைப்பம்." சொந்தக்காரப் பெடியன் பெயரில் எழுதினால் அது சொந்தக்காரப் பெடியனின் காணி. விண்ணப்பத்துக்கென்று 1,500 தனியாக வாங்கினார். பத்தரமுல்லையில் இருக்கிற இலங்கைக் குடிவரவுத் திணைக்களத்துக்கு அப்படி ஒரு விண்ணப்பமும் போகவில்லை என்று பிறகு தெரிந்தது. 55 வயது தாண்டியவருக்கென்று ஒரு பிரிவே இருக்கிறது. பிறகு நாங்களே நேரடியாகப் போட்டோம்.

இரண்டாவது கையெழுத்துத்தான் பயங்கரம். காணி உறுதி முடிக்க நாங்கள் வந்து நிற்கத் தேவையில்லை என்று சொல்லி, எங்களுக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்து வைக்க அதிகாரம் கொடுக்கிற அற்றோணித் தத்துவம் எழுதச் சொன்னார். இந்தக் காணிக்கு மட்டும் என்று இல்லாமல், வாங்க, விற்க, ஈடு வைக்க எல்லாவற்றுக்கும். அளவெட்டியில் இவருடைய தாய்வழி வளவில் ஒரு பங்கு இருக்கிறது. அந்தத் தாளை வைத்து அதையும் விற்றிருக்கலாம். மகள் அதை இங்கிலிஷில் வாசித்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். இலங்கைக் கொன்சல் அலுவலகத்துக்கு ஓடிப் போய் இரத்துப் பத்திரம் எழுதி, அதை ஊரில் பதிவும் செய்த பிறகுதான் மூச்சு வந்தது. எழுதின தத்துவம் பதிவில் இருக்கும். இரத்தையும் பதியாவிட்டால் அது உயிரோடுதான் இருக்கும்.

எல்லாம் பிடிபட்டது 2024 வைகாசியில். என் கூடப்பிறந்த தம்பியின் மகளின் கலியாணத்துக்கு நான் தனியப் போயிருந்தேன். ஒருவருக்கும் சொல்லாமல் ஓட்டோ பிடித்து நீர்வேலிக்குப் போனேன். வெய்யில் என்றால் சும்மா வெய்யில் இல்லை. தையில் எங்களுக்குக் காட்டின, குளிர்ந்து கிடந்த அந்த வீடு பூட்டி, வாசலில் நெருஞ்சி முளைத்திருந்தது. மற்ற இருபத்துமூன்று வீட்டுக்கு அத்திவாரமும் இல்லை, நட்ட குச்சிகள்தான். ஒரு மாடு கட்டியிருந்தது.

பக்கத்து வளவு மனுசி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆரணை தேடுறியள்?" என்றா. சொன்னேன். அவா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "பிள்ளை, இது ஆறு பேரின்ரை பங்குக் காணியெல்லோ" என்றா. நாலு பேர் வெளிநாட்டில். ஒருவர் கொழும்பில். மூத்தவர் ஜேர்மனியில் இருந்து கொடுத்த அற்றோணித் தத்துவத்தை வைத்துத்தான் காணி கைமாறியிருக்கிறது. "அவர் செத்து ரெண்டு வருசம். இஞ்ச செய்த அந்தியேட்டிக்கு நான் போனனான்."

எழுதிக் கொடுத்தவர் செத்தால் தத்துவமும் அதோடு முடிந்தது. செத்தவரின் கையால் எழுதின உறுதி அது. மற்ற ஐந்து பேரில் இரண்டு பேர் கையெழுத்தே வைக்கவில்லை. இது மறைத்து வைத்த இரகசியமில்லை. யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் ஒரு சட்டத்தரணி முப்பது வருச வரலாறு தேடியிருந்தால் பங்கும் பெயரும் திகதியும் வந்திருக்கும். நான் அடுத்த கிழமை தேடுவித்தேன். செலவு, ரொறன்ரோவில் ஒரு நல்ல கடையில் நாலு பேர் சாப்பிடுகிற காசு.

அந்த முறை நான் ஆறு கிழமை நின்றேன். வேர்க்குரு, கரண்ட் போனால் விசிறியும் இல்லை. என் முழங்கால் நோ போனது உண்மை, அதை மறைக்கக் கூடாது. கிணற்றுத் தண்ணீர் முந்தினது மாதிரி இல்லை. தோட்டங்களுக்குப் போட்ட உரத்தால் நைத்திரேற்று கூடின கிணறுகள் குடாநாட்டில் கன இடத்தில் இருக்கிறது, குடிக்கிற தண்ணியை விலைக்கு வாங்குகினம். பெரியாஸ்பத்திரியில் என் பிரஷருக்குக் காசில்லாமல் பார்த்தார்கள், வடிவாகவும் பார்த்தார்கள். ஆனால் விடிய ஆறுக்குப் போய் இரண்டு மணிக்கு வந்தேன். எழுபதுக்கு மேல் அந்த ஆஸ்பத்திரி வாங்கில் தனிய இருக்க முடியுமா என்று என்னையே கேட்டேன். தையில் போனபோது இந்தக் கேள்வி ஒன்றும் வரவில்லை.

காசைத் திருப்பிக் கேட்டபோது தம்பி முதலில் அழுதார். அவருக்கும் ஏமாற்றமாம். இரண்டாவது முறை போனை அவருடைய மனைவி எடுத்தா. மூன்றாவது முறை ஒரு லோயர் கடிதம் வந்தது: நாங்கள் கையெழுத்து வைத்தது "முன்பதிவுக் கட்டணம்", திருப்பித் தரத் தேவையில்லை, யாழ்ப்பாணத்துக் கம்பெனி வேறு கனடாக் கம்பெனி வேறு. பொலிஸ் அறிக்கை எடுத்தார்கள், காணி இலங்கையில் என்றதும் பேனை மெதுவாகிவிட்டது. சின்னக் கோரிக்கை நீதிமன்றத்தில் போட்டோம். நாங்கள் போட்ட நேரம் அங்கே கேட்கக்கூடிய ஆகக் கூடின தொகை 35,000 டொலர், ஆகையால் மூவாயிரத்தை விட்டுவிட்டுத்தான் போட வேண்டியிருந்தது. 2025 ஒக்டோபரில் அதை 50,000 ஆக்கினார்கள். எங்கள் ராசி. மச்சாளின் 5,000த்துக்குத் தனி வழக்கு. இதே ஆளிடம் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் காலத்தைக் கடத்தாதேங்கோ. ஏமாந்தது தெரிந்த நாளிலிருந்து பொதுவாக இரண்டு வருசம்தான், பிறகு ஒன்ராறியோவில் வழக்குப் போட முடியாது. வெட்கத்தில் பேசாமல் இருக்கிற இரண்டு குடும்பத்தை எனக்கே தெரியும்.

போன மாதம் ஒரு சினேகிதி அனுப்பின நோட்டீஸைப் பார்த்தேன். அதே மண்டபம், அதே ரோல்ஸ், இப்போது மலேசியா. "குறைந்த வைப்பில் நிரந்தர ஓய்வு" என்று போட்டிருக்கிறது. அந்த நாட்டின் இரண்டாவது வீட்டுத் திட்டத்தில் 2024இலிருந்து, சிறப்புப் பொருளாதார வலயத்துக்கான தனிப் பிரிவை விட்டால், ஆகக் கீழ்ப்படிக்கே 1,50,000 அமெரிக்க டொலர் வைப்பும், குறைந்தது 6,00,000 ரிங்கிட்டுக்கு ஒரு வீடும் வேண்டும். அதுவும் ஐந்து வருச விசாதான். நோட்டீஸில் அந்த இலக்கம் ஒன்றும் இல்லை. விண்ணப்பம் அந்த நாட்டு அரசு அனுமதித்த முகவர் வழியாகத்தான் போக வேண்டும். அனுமதி இலக்கத்தைக் கேளுங்கோ, தேத்தண்ணி குடிக்க முதல் கேளுங்கோ.

இவர் இன்னும் போகத்தான் வேண்டும் என்கிறார். வருகிற மார்கழிக் கடைசியில் கோண்டாவிலில் ஒரு மேல்வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். சித்திரை வெய்யிலையும் இவர் ஒருக்கால் பார்க்கட்டும் என்று மே நடுப்பகுதிக்குத் திரும்ப டிக்கெட் போட்டேன். ஓஹிப்புக்கு நாளை நான் கலண்டரில் சிவப்புப் பேனையால் எண்ணிக்கொண்டு வருகிறேன். மச்சாளும் வாறா. அவாவின் டிக்கெட் காசு எங்களுடையது.