18-55க்கு அடுத்து எந்த லென்ஸ்? டெல்டாவில் படமெடுப்பவர்களுக்கு

கேமராவோடு வந்த 18-55 லென்ஸில் (எண்கள் மி.மீ.யில் குவியத் தூரம்; எண் கூடக் கூடக் காட்சி நெருங்கி வரும்) கொஞ்ச நாள் பழகியதும் வருகிற கேள்விதான், அடுத்து எதை வாங்குவது? தஞ்சை, கும்பகோணம், நாகைப் பக்கம் படமெடுப்பவர்கள் மூன்றைத்தான் மாற்றி மாற்றி யோசிக்கிறார்கள்: 50 எஃப் 1.8 (எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும்), 55-250 டெலி (தூரத்தை நெருக்கிக் காட்டுவது), 10-18 வைடு (அகலமாகக் காட்டுவது). மூன்றையும் கேனான் ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) கேமராவில் போட்டு அலைந்திருக்கிறேன்.

என் ஓட்டு 50க்குத்தான். மூன்றில் விலை குறைந்தது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. நம்ம ஊரில் படமாக்க வேண்டியவை பாதி அரை இருட்டில்தான் இருக்கின்றன. சுவாமிமலையில் ஒரு வார்ப்புப் பட்டறையில் ஸ்தபதி மெழுகுச் சிலைக்குக் கண் செதுக்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் வெளிச்சம் அவர் விரல் நுனியில் மட்டும் விழுந்தது. 18-55ஐ 50க்கு இழுத்தால் எஃப் 5.6, ஷட்டர் வேகம் 1/15 நொடிக்கு இறங்கி, கத்தி பிடித்த கை கலங்கிப்போனது. எஃப் 1.8இல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அதே இடத்தில் 1/150 கிடைத்தது. நகத்தில் ஒட்டியிருந்த மெழுகுச் சீவல் வரை தெளிவு.

ஆனால் எப்போதும் 1.8இலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். தாராசுரம் கோயிலில் கருவறையைச் சுற்றி அடிப்பகுதியில் நாயன்மார் கதைகள் சின்னஞ்சிறு சிற்பங்களாக ஓடுகின்றன. 50இல் 35 செ.மீ. வரை நெருங்கலாம், ஆனால் 1.8இல் எடுத்தால் மூக்கு தெளிவாக இருக்கும், காது கரைந்துவிடும். அங்கே எல்லாம் தெளிவாக வர எஃப் 8 வையுங்கள், சாய்வெயில் விழும் நேரத்தில் போங்கள். அப்புறம் ஒரு குறை: கல்யாண வீட்டுக் கூடத்தில் 50 ரொம்ப நெருக்கம், பின்னால் நகர சுவர் விடாது.

55-250ஐ வெறும் பறவை லென்ஸ் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கோடியக்கரையில் பூநாரைகள் சேற்றுக்கு அப்பால் நிற்கும். 250இல் வெறும் இளஞ்சிவப்புப் புள்ளிகள். வெயில் ஏறிவிட்டால் தரை அனல் காற்றையே நெளியவைக்கும், அப்போது 600 இருந்தாலும் உதவாது. அந்த லென்ஸ் ஜெயிப்பது வயலில். உழவு ஓடும்போது டிராக்டர் பின்னால் கொக்குகள் பயமில்லாமல் வரும். வரப்பில் குந்திக்கொண்டால் 250 தாராளம். காலை வெளிச்சத்துக்கு எஃப் 5.6 போதும்.

வைடை வாங்குவோர் பெரிய கோயிலை மனதில் வைத்தே வாங்குகிறார்கள். 216 அடி விமானத்தை நந்தி அருகே நின்று அண்ணாந்து எடுத்தால் பின்னால் சாய்ந்து விழுவதுபோல் வரும். திருச்சுற்றின் மூலைக்குப் போய், கேமராவை நெட்டுக்குத்தாக, துளியும் மேலே சாய்க்காமல் பிடித்து 10இல் எடுங்கள். கீழே வரும் வெறும் தரையை வெட்டிவிட்டால் விமானம் நிமிர்ந்து நிற்கும். அவ்வளவு அருகிலிருந்து இதை 18ஆல் செய்ய முடியாது. ஆனால் வைடு முகங்களுக்கு ஆகாது, ஓரத்தில் நிற்பவர் இழுபட்டுப்போவார். கட்டடம்தான் உங்கள் விருப்பம் என்றால் மட்டும் இதை முதலில் வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் பையிலேயே வைத்து மூடாதீர்கள். என் டெலியின் உள்கண்ணாடியில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படர்ந்தது அப்படித்தான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஈரம் இழுத்த ஜெல்லை அவ்வப்போது மாற்றுங்கள்.