ஜோஹன்னஸ்பர்க்கில் மூன்று குளிர்காலம் சைக்கிளில்: குளிரைவிட நெருஞ்சி மோசம்

“ஆடி மாசத்துல என்னடா குளிரு?” என்று காரைக்குடியிலிருந்து அம்மா இன்னமும் கேட்கிறார். இங்கே ஜூன், ஜூலை, ஆகஸ்ட்தான் குளிர்காலம் என்று எத்தனை தடவை சொன்னாலும் மனதில் நிற்கவில்லை. அதைவிட, கடல் கடந்து வேலைக்குப் போன மகன் சைக்கிள் மிதித்து ஆபீஸ் போகிறான் என்பதில் அவருக்குத் தனி வருத்தம். பக்கத்து வீட்டில் கேட்டால் “கார் சர்வீஸுக்கு விட்டிருக்கான்” என்று சொல்லிச் சமாளிக்கிறார். மூன்று வருடமாக சர்வீஸில் இருக்கிறது என் கார்.

தொடங்கியது 2022 ஜூலையில். அந்த மாதம் இங்கே பெட்ரோல் லிட்டருக்கு 26 ராண்டைத் தாண்டியது. வீடு மேஃபேரில், ஆபீஸ் ரோஸ்பேங்கில், நடுவே 9 கிலோமீட்டர் சொச்சம். பழைய மெரிடா சைக்கிள் ஒன்றை 4,500 ராண்டுக்கு வாங்கினேன். விலை இறங்கும்வரை ஓட்டுவோம் என்றுதான் நினைத்தேன். விலை அப்புறம் கொஞ்சம் இறங்கவும் செய்தது, அதற்குள் பழகிவிட்டது. 2022, 23, 24 என்று மூன்று குளிர்காலம் ஓட்டியாகிவிட்டது. இந்த ஊரில் புதிதாக சைக்கிள் எடுக்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று. இங்கே சைக்கிளுக்கு நல்ல காலம் குளிர்காலம்தான். கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை மழை என்பது கிட்டத்தட்ட இல்லை. மூன்று குளிர்காலத்தில் ஒரு நாள்கூட நான் மழையில் நனைந்ததில்லை. கோடைதான் ஆபத்து. சாயங்காலம் நாலு மணிக்கு மேகம் கூடி, இடி, மின்னல், சில நாள் ஆலங்கட்டி. ஒரு ஜனவரியில் பெட்ரோல் பங்க் கூரைக்கடியில் முக்கால் மணி நேரம் ஒதுங்கி நின்று, கோலிக்குண்டு அளவுக் கட்டிகள் தரையில் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளிர்காலத்தில் அந்தத் தொல்லை கிடையாது. வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும். மத்தியானம் 17, 18 டிகிரி, இதமான வெயில்.

சிக்கல் காலையில்தான். கடல் மட்டத்திலிருந்து 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. ஜூன் கடைசியில் ஏழு மணிக்குச் சற்று முன்புதான் சூரியன் எட்டிப் பார்க்கும். நான் ஆறே முக்காலுக்குக் கிளம்பும்போது மூன்று டிகிரி, நாலு டிகிரி, சில நாள் பூஜ்யம். அதுவும் வழி முழுக்க ஒரே குளிர் இல்லை. மேஃபேரிலிருந்து பிரிக்ஸ்டன் மேட்டில் ஏறும்போது வியர்த்துவிடும். அங்கிருந்து கல்லறைத் தோட்டத்தை ஒட்டி, விட்ஸ் பல்கலைக்கழகம் தாண்டி யான் ஸ்மட்ஸ் அவென்யூவைப் பிடித்தால், வெஸ்ட்கிளிஃப் மேட்டிலிருந்து மிருகக்காட்சி சாலை வரை ஒரே இறக்கம். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த காற்று கனத்துப்போய் மேட்டிலிருந்து வழிந்து அந்தப் பள்ளத்தில் தேங்கிக் கிடக்கும். மிதிக்காமல் சும்மா உருண்டு இறங்குவதால் உடம்புச் சூடும் போய்விடும். ஏற்றத்தில் வியர்த்த பனியன் இறக்கத்தில் முதுகில் ஈரத்துணியாக ஒட்டும். முதல் வருடம் எனக்குச் சளி பிடித்ததெல்லாம் இந்த இறக்கத்தில்தான் என்பது என் திடமான நம்பிக்கை.

இதற்கு வழி கண்டுபிடிக்க ஒரு சீசன் ஆனது. தடிமனான ஜாக்கெட் வேண்டாம். உள்ளே மெல்லிய கம்பளி பனியன், மேலே காற்றுப் புகாத ஒரு மெல்லிய மேல்சட்டை, அவ்வளவுதான். ஏற்றத்தில் ஜிப்பைத் தொப்புள் வரை திறந்துவிட வேண்டும். இறக்கம் தொடங்குவதற்கு முன் நின்று, ஜிப்பைக் கழுத்து வரை இழுத்து, நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவில் முந்தின நாள் செய்தித்தாளை மடித்துச் செருகிக்கொள்கிறேன். சிரிக்காதீர்கள், நூறு ராண்டு ஸ்வெட்டர் செய்யாததை அந்தக் காகிதம் செய்கிறது. கைக்கு இரண்டு அடுக்குக் கையுறை. விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க வராது, அதனால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். காதுக்கு என் மனைவி ஊரிலிருந்து மங்கி குல்லா வாங்கி வந்தாள். அதன் மேல் ஹெல்மெட் உட்காரவில்லை. இங்கே சைக்கிளுக்கும் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். குல்லா இப்போது நாயின் கூடையில் மெத்தையாக இருக்கிறது.

மழையே இல்லாத ஊரில் வழுக்கி விழுந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 2023 ஜூன் கடைசியில் ஒரு காலை, ஸூ லேக் பக்கம். எங்கோ குழாய் உடைந்து ராத்திரி முழுக்கத் தண்ணீர் ரோட்டோரமாக ஓடியிருக்கிறது. விடியற்காலையில் அது கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது. தார் ரோட்டின் கறுப்பு அப்படியே தெரிந்ததால் ஈரம் என்றுதான் நினைத்தேன். முன் சக்கரம் போன திசையே தெரியவில்லை. முழங்கை சிராய்ப்பு, ஒரு பெடல் வளைந்தது. பின்னால் பெரிய பொதி வண்டியை இழுத்துக்கொண்டு வந்த பழைய பொருள் பொறுக்கும் ஆள் ஒருவர் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, “ஷார்ப், மை பிரா?” என்றார். ‘நல்லா இருக்கியா தம்பி’ என்பதற்கு இந்த ஊர்ப் பேச்சு. ஷார்ப் இல்லைதான், ஆனாலும் ஷார்ப் என்றேன். அன்றிலிருந்து குளிர்காலக் காலையில் ரோட்டில் ஈரம் தெரிந்தால் பனிக்கட்டி என்றே வைத்துக்கொள்கிறேன். பிரேக்கும் கிடையாது, திருப்பமும் கிடையாது, நேராக விட்டுவிட வேண்டும்.

அடுத்த மாதமே, ஜூலை 10, திங்கட்கிழமை, ஊரிலேயே பனி பெய்தது. 2012 ஆகஸ்டுக்குப் பிறகு அப்போதுதான். ஆபீஸில் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே ஓடினோம். என் சைக்கிள் சீட்டில் உப்புத் தூவியது மாதிரி ஒரு படலம். போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். “சைக்கிளை உள்ள எடுத்து வைடா” என்று பதில்.

சரி, நெருஞ்சிக்கு வருகிறேன். நம் ஊர் வரப்பில் வெறுங்காலில் ஏறுமே, அதே நெருஞ்சி, அதே மஞ்சள் பூ. கோடை மழையில் காலி மனைகளிலும் நடைபாதை விளிம்பிலும் படர்ந்து, குளிர்காலத்தில் காய்ந்து, காய்கள் உடைந்து, காற்றில் ரோட்டுக்கு வந்துவிடும். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும்படி கடவுள் அதைச் செய்திருக்கிறான். இந்தியர்கள் அதிகம் வாழும் லெனேஷியா பகுதியிலிருந்து வரும் என் சக ஊழியர் ஒருவர் நான்காம் தலைமுறைத் தமிழர். தமிழில் அவருக்குத் தெரிந்தது சாப்பாட்டுப் பெயர்களும் ஆயா, தாத்தா, பெரியம்மாவும்தான். ஒரு நாள் என் டயரைப் பார்த்துவிட்டு “டுவல்கி!” என்றார். ஆப்பிரிக்கான்ஸில் இதற்கு அதுதான் பெயர், குட்டிப் பிசாசு மாதிரி அர்த்தம் தொனிக்கும். நான் நெருஞ்சி என்றேன். அவர் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். ‘ஞ்சி’ வரவில்லை. முள் என்ற சொல் மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவருடைய ஆயா மீன் சாப்பிடும்போது சொல்வாராம்.

2022 ஆகஸ்டில் மட்டும் எனக்கு ஏழு பஞ்சர். ஆடிக்காற்று இங்கேயும் ஆகஸ்டில்தான் அடிக்கிறது, முள்ளைக் கொண்டுவந்து கொட்டுவதும் அதுதான். ஒரு நாள் ஒரே டயரில் பதினொரு முள் எண்ணினேன். அனுபவத்தில் கற்றது: முள்ளைப் பார்த்த இடத்திலேயே பிடுங்காதீர்கள். பல சமயம் முள்ளே அடைப்பாக நின்று காற்றைப் பிடித்து வைத்திருக்கும், மெதுவாக வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். டியூபை மாற்றும்போது டயரின் உள்பக்கத்தை விரல் நுனியால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே அரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் நுனி புது டியூபையும் முடித்துவிடும். எனக்கு அப்படி இரண்டு டியூப் போனது. கடைசியில் உள்ளே ரப்பர்ப் பட்டை வைத்த தடித்த டயர் மாட்டி, டியூபுக்குள் ஓட்டையடைக்கும் பசையும் ஊற்றினேன். வண்டி கொஞ்சம் கனக்கிறது, மிதிக்க மந்தமாக இருக்கிறது. ஆனால் 2024 குளிர்காலம் முழுக்க இரண்டே பஞ்சர். இந்த ஒரு செலவுக்கு மட்டும் யோசிக்காதீர்கள்.

காற்றழுத்தமும் கவனிக்க வேண்டும். மத்தியானம் டயரில் 65 பி.எஸ்.ஐ. அடித்து வைத்தால், காலைக் குளிரில் அது 61 ஆகிவிடும். பஞ்சர் என்று பயந்து நான் நல்ல டியூபைக் கழற்றியது உண்டு.

வறட்சி உடம்பையும் விடாது. உதடு வெடிக்கும், சில நாள் மூக்கில் ரத்தம் எட்டிப் பார்க்கும். தேங்காய் எண்ணெய் பாட்டிலில் மெழுகாக உறைந்துவிடும், அதைக் கரண்டியால் சுரண்டி உதட்டில் தடவிக்கொண்டுதான் கிளம்புகிறேன். செயினுக்குக் கொழகொழ எண்ணெய் போட்டால் தூசி அப்பி இரண்டு நாளில் கறுப்புக் களிம்பாகும். காய்ந்து நிற்கும் வகை எண்ணெய் நல்லது.

இருட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2022, 23 இரண்டிலும் லோட் ஷெடிங், அதாவது முறை வைத்து வரும் மின்வெட்டு, உச்சத்தில் இருந்தது. சிக்னல் விளக்கை இங்கே ரோபோ என்பார்கள். ரோபோ செத்துவிட்டால் நாலு பக்கமும் நின்று முறை வைத்துப் போக வேண்டும். கார்க்காரர்கள் பெரும்பாலும் அதை மதிப்பார்கள். மினிபஸ் டாக்ஸிக்காரர்கள் தனி உலகம். ஆனால் சைக்கிளுக்கு முறை என்று ஒன்று இருப்பதாக யாருக்கும் தோன்றாது. விளக்கைக் கைப்பிடியில் மட்டும் வைக்காமல் ஹெல்மெட்டிலும் ஒன்று வைத்து, ஓட்டுநர் முகத்தைப் பார்த்துத் திரும்பினால்தான் நிற்பார்கள். 2024 குளிர்காலம் லோட் ஷெடிங் இல்லாமலே போனது, பாதி பயம் குறைந்தது. மீதிப் பாதி ரோட்டோரக் காய்ந்த சருகு. அதற்கடியில் மூடி திருடுபோன சாக்கடைக் குழி இருக்கும். சருகுக் குவியல் மேல் ஒருபோதும் ஏறாதீர்கள்.

பிராம்ஃபோன்டீன் கல்லறைத் தோட்டத்தை ஒட்டிப் போகும்போது மட்டும் குளிரைப் பற்றிப் புலம்ப மனம் வராது. உள்ளே தில்லையாடி வள்ளியம்மையும் நாகப்பனும் இருக்கிறார்கள். காந்தி இங்கே நடத்திய சத்தியாகிரகத்தில் கைதான நாகப்பனை 1909 ஜூன் குளிரில் ரோடு போடக் கல்லுடைக்க விட்டார்கள். நிமோனியா வந்து ஜூலை 6 அன்று இறந்தான். அதே ஜூன், அதே காலைக் காற்று. எனக்கு இரண்டு அடுக்குக் கையுறை.

போன செவ்வாய் சாயங்காலம் இந்த சீசனின் முதல் மழை. வெஸ்ட்கிளிஃப் ஏற்றத்தின் நடுவில் பிடித்துக்கொண்டது. முதுகுப் பையைத் திறந்தால் கம்பளி பனியன், இரண்டு ஜோடி கையுறை, இரண்டு டியூப், மடித்த செய்தித்தாள். மழைக்கோட்டு மேஃபேரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.