நோட் ஐடி: கிராஃப் லைப்ரரிகளோடு ஆறு வருடம்

கிராஃப் என்பது புள்ளிகளும் (நோட்) அவற்றை இணைக்கும் கோடுகளும் (எட்ஜ்) கொண்ட வலை. அதைக் கணக்கிட உதவும் லைப்ரரிகளில் நெட்வொர்க்எக்ஸை ஆறு வருடமாகவும் ஐகிராஃபை நான்கு வருடமாகவும் பயன்படுத்தி வருகிறேன். பெரும்பாலும் பேருந்துத் தட வேலை: நிறுத்தம் ஒரு நோட், அடுத்தடுத்த இரண்டு நிறுத்தங்களுக்கு இடையே ஒரு எட்ஜ். இத்தனை நாளில் அல்காரிதத்தால் திண்டாடியது குறைவு. என் நேரத்தைத் தின்றது நோட்டுக்கு நான் வைத்த அடையாளம்தான்.

நெட்வொர்க்எக்ஸ் இதில் ரொம்பத் தாராளம். ஹாஷ் செய்ய முடிகிற, அதாவது டிக்ஷனரியில் சாவியாக வைக்க முடிகிற, எந்தப் பைத்தான் பொருளும் நோட் ஆகலாம், 'எதுவும் இல்லை' என்பதைக் குறிக்கும் None தவிர. அதனால் முதலில் நிறுத்தத்தின் பெயரையே நோட்டாக வைத்தேன். பிரின்ட் செய்து பார்க்க வசதியாக இருந்தது. ஆனால் சாலையின் இரு பக்கமும் ஒரே பெயரில் நிறுத்தம் இருக்குமே! இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொள்ள, சாலையைக் கடக்காமலே எதிர்த்திசை பஸ்ஸில் ஏறலாம் என்றது நிரல்.

பெயரை விட்டுக் குறியீட்டுக்கு மாறினேன். நிறுத்தங்களின் பட்டியலை, அட்டவணைகளைக் கையாளும் பைத்தான் லைப்ரரியான பாண்டாஸில் படித்தேன், எட்ஜ்களைப் பைத்தானின் சாதாரண சிஎஸ்வி ரீடரில். முன்னது 417 என்ற எண்ணைத் தந்தது, பின்னது "417" என்ற சரத்தை (எழுத்துகளின் வரிசை). எட்ஜ் சேர்க்கும்போது நோட் இல்லையென்றால் நெட்வொர்க்எக்ஸ் சத்தமில்லாமல் புதிதாக ஒன்றை உருவாக்கிவிடும். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. எந்த நிறுத்தத்திலிருந்து கேட்டாலும் பாதை இல்லை என்ற பதில் மட்டும் வந்தது. நோட்களை எண்ணினேன்: 1,240 இருக்க வேண்டிய இடத்தில் 2,480. பட்டியலாகப் பிரின்ட் செய்தபோதுதான் பாதி நோட்களில் மேற்கோள்குறி இருந்தது தெரிந்தது. எண்களைச் சரமாக்கிய பிறகும் எண்ணிக்கை 1,302-இல் நின்றது. "0092" போலப் பூஜ்யத்தில் தொடங்கும் 62 குறியீடுகள் எண்ணாகும்போதே பூஜ்யத்தை இழந்திருந்தன. அன்றிலிருந்து குறியீட்டு நெடுவரிசையைப் படிக்கும்போதே சரம் என்று சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒரு காலியிடம் இருந்தால் பாண்டாஸ் வழக்கமாக அந்த நெடுவரிசையையே தசம எண்ணாக்கி 417.0 என்று வைக்கும். பைத்தானுக்கு 417-உம் 417.0-உம் ஒரே சாவி என்பதால் கிராஃபுக்குள் எதுவும் தெரியாது, கோப்பில் எழுதும்போதுதான் "417.0" எட்டிப்பார்க்கும்.

ஐகிராஃபில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே நோட் ஐடி என்பது வரிசையில் நிற்கும் இடம்தான். பைத்தானில் 0 முதல் இடைவெளி இல்லாமல் ஓடும், ஆர் மொழியில் 1 முதல். 3-ஆவது நோட்டை நீக்கினால் 4-ஆக இருந்தது 3 ஆகிவிடும். எந்த நிறுத்தம் அதிகப் பாதைகளின் நடுவே இருக்கிறது என்று கணக்கிட்டு, இந்த இட எண்ணை (இன்டெக்ஸ்) வைத்து ஒரு டிக்ஷனரியில் போட்டேன். பிறகு எட்ஜே இல்லாத நோட்களை நீக்கிவிட்டு வரைபடம் வரைந்தேன். ஒரே ஒரு சாலை வந்து முடிகிற கடைசி நிறுத்தம் ஊரிலேயே பெரிய வட்டமாக நின்றது. கணக்கில் தவறே இல்லை. மதிப்பெல்லாம் பக்கத்து நிறுத்தத்தின் மேல் போய் உட்கார்ந்திருந்தது.

இப்போது ஐகிராஃபில் நிறுத்தக் குறியீடு, நோட்டோடு ஒட்டியிருக்கும் 'நேம்' என்ற பண்பில் இருக்கிறது. அதைக் கொடுத்தே நோட்டைத் தேட முடியும். கணக்கு முடிந்த அதே இடத்தில், அடுத்த வரிக்குப் போகுமுன், மதிப்பைக் குறியீட்டோடு சேர்த்துவிடுகிறேன். இன்டெக்ஸை எந்தக் கோப்பிலும் எழுதுவதில்லை. நெட்வொர்க்எக்ஸில் முதலில் நோட்களை மட்டும் சேர்த்து எண்ணி வைத்துக்கொள்கிறேன். எட்ஜ் சேர்த்தபின் அந்த எண்ணிக்கை ஒன்று கூடினாலும் நிரல் அங்கேயே நிற்கும். இரண்டே வரிதான், எனக்கு இதைவிடப் பயன்பட்ட சோதனை வேறு இல்லை.

ரஸ்ட் மொழியின் கிராஃப் லைப்ரரியான பெட்கிராஃபிலும் இதே கதை உண்டு: சாதாரண கிராஃபில் ஒரு நோட்டை நீக்கினால் கடைசி நோட் அந்த இடத்துக்கு வந்துவிடும். நீக்கல் இருக்கிற வேலை என்றால், மற்ற நோட்களின் ஐடி மாறாத அதன் ஸ்டேபிள்கிராஃபை எடுப்பேன். கிராஃப் தரவுத்தளமான நியோ4ஜே, நீக்கிய நோட்டின் உள் ஐடியைப் புதிய நோட்டுக்குத் திரும்பக் கொடுக்கக்கூடும். அதனால் அங்கேயும் என் குறியீடு தனிப் பண்பாகவே இருக்கிறது.

பெரிய கிராஃபில் சரங்கள் நினைவகத்தை அடைக்கும் என்பது உண்மைதான். அப்போது எண்ணுக்கு மாற்றுகிறேன். நெட்வொர்க்எக்ஸின் மாற்று ஃபங்ஷனிடம் கேட்டால் பழைய அடையாளத்தை ஒரு பண்பாக வைத்துத் தரும். அப்படிக் கேட்காமல் ஒருமுறைகூட மாற்றுவதில்லை.